மிருதுளாவின் ரத்தத்தில் இருந்தவர்

அந்த வார்டில் எழுந்து நடமாடிய ஒரே கர்ப்பிணி மிருதுளாதான். மற்ற கட்டில்களில் இருந்த பெண்கள் எல்லாரும் ஆக்சிஜன் முகமூடிக்குள் கண்ணை மூடிக் கிடந்தார்கள். இவள் மட்டும் ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஒருத்திக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பாள், இன்னொருத்தியின் நழுவிய போர்வையை இழுத்துவிடுவாள், பிறகு சன்னலோரம் போய் நின்று வெறிச்சோடிக் கிடக்கும் திருப்பூர்ச் சாலையைப் பார்ப்பாள். எல்லாருக்கும் வந்த அதே கிருமிதான் அவளுக்கும் வந்தது. அவளுக்கு அது கொஞ்சம் சளியும் உடம்புவலியுமாகப் போய்விட்டது.

2049இல் கொரோனா மறுபடியும் வந்திருந்தது. இந்தத் தடவை அது மற்றவர்களை அவ்வளவாகப் படுத்தவில்லை. கர்ப்பிணிகளைத்தான் சாய்த்தது. நுரையீரலோடு நிற்காமல் நஞ்சுக்கொடிவரை போனது. தாய்க்கு மூச்சு முட்டும்போதே உள்ளே குழந்தைக்கும் ரத்தம் குறைந்தது. தடுப்பூசி தயாராகிவிட்டது. அதைக் கர்ப்பிணிகளுக்குப் போடலாமா கூடாதா என்பது மட்டும்தான் முடிவாகவில்லை. யாருக்கு அது அவசரமாக வேண்டுமோ அவர்களைத் தவிர எல்லாரும் போட்டுக்கொண்டார்கள்.

டாக்டர் ஜெசிந்தா ஒரு நாள் காலை ரவுண்ட்ஸ் முடித்துவிட்டு மிருதுளாவின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாகர்கோவில்காரர். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் பதில் வரும்வரை தலையைச் சாய்த்தபடி அப்படியே பார்த்துக்கொண்டிருப்பார்.

"உன்னை வயித்துல வச்சிருக்கும்போது உங்க அம்மாவுக்குக் கொரோனா வந்துச்சாம்மா?"

மிருதுளாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. "வந்துச்சுங்க டாக்டர். ரெண்டாவது அலையில. அதுலதான் செத்தாங்க. சிசேரியன் பண்ணி என்னை எடுத்த மூணாம் நாள்."

ஜெசிந்தா அவள் கையைத் தொட்டார். "சாரிம்மா. தெரியாம கேட்டுட்டேன்."

"பரவால்லைங்க. நான் அவங்களைப் பாத்ததே இல்ல. என்னை உடனே வேற வார்டுக்குக் கொண்டுபோயிட்டாங்களாம். அவங்களும் என்னைப் பாக்கல. அது சரி, எதுக்குக் கேக்கறீங்க?"

"உன்னை மாதிரி இந்தக் கிருமி வந்தும் ஒண்ணும் ஆகாத கர்ப்பிணிகள் அங்கங்க கொஞ்சம் பேர் இருக்காங்க. எல்லாரும் முதல் தடவை கொரோனா வந்த அந்த ரெண்டு வருஷத்துல பிறந்தவங்க. எல்லாரோட அம்மாவுக்கும் அப்ப கொரோனா. ஏன்னு தெரிஞ்சுக்கணும். கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கட்டுமா?"

மிருதுளா கையை நீட்டினாள். சாய ஆலையில் நிறம் பார்க்கும் வேலை அவளுக்கு. எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் இதில் என்னென்ன கலந்திருக்கிறது என்றுதான் முதலில் யோசிப்பாள். தன் ரத்தத்தைப் பற்றி அப்படி யோசித்ததில்லை.

முடிவு வந்தபோது ஜெசிந்தா நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"உன் ரத்தத்துல இன்னொருத்தர் இருக்காங்கம்மா."

"புரியலைங்க."

"குழந்தை வயித்துல இருக்கும்போது நஞ்சுக்கொடி வழியா அம்மாவோட செல் கொஞ்சம் குழந்தைக்குள்ள போகும். போய் அங்கேயே தங்கிடும். எல்லாருக்கும் நடக்கறதுதான், ரொம்பக் கொஞ்சமா. காய்ச்சல் வந்தா நஞ்சுக்கொடி கொஞ்சம் அதிகமாக் கசியும். உனக்குள்ள அப்படி வந்த செல்லைப் பிரிச்சு எடுத்துப் பாத்தோம். அது பழைய கொரோனாவோட சண்டை போட்ட செல். அந்தச் சண்டையை மறக்கல. இப்ப வந்திருக்கற கிருமிக்கு முகம் மாறியிருந்தாலும் ஜாடை மாறல. பாத்ததும் அடையாளம் கண்டுபிடிச்சு அடிச்சிருக்கு."

"செத்துப்போனவங்களோட செல் எப்படிங்க உயிரோட இருக்கும்?"

"நீ சாப்பிடறதுதான் அதுக்கும் சாப்பாடு. அவங்க இறந்தது அதுக்குத் தெரியாது."

மிருதுளா கட்டிலில் உட்கார்ந்தாள். தன் இடது முன்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்கம்மாதான்னு நிச்சயமா?"

"தாய்வழி அடையாளம்னு ஒண்ணு உண்டு, அம்மாகிட்டேர்ந்து பிள்ளைக்கு அப்படியே வரும். அது உன்னோடதும் அந்த செல்லோடதும் ஒண்ணு."

"அதை வச்சு அவங்களைப் பத்தி என்னவெல்லாம் சொல்ல முடியும்?" கேள்விகள் அவள் வாயிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முடி சுருட்டையா? பால் ஒத்துக்கொள்ளுமா? போட்டோக்களில் அம்மா உட்கார்ந்தேதான் இருப்பாள், அதனால் உயரமும் தெரியாது. ஜெசிந்தா சிரித்துவிட்டார். "முடி சொல்லலாம். உயரம் தோராயமாச் சொல்லலாம். குரல் தெரியாது. என்ன பாட்டுப் பிடிக்கும்னு தெரியாது."

"அது தெரிஞ்சா நல்லா இருக்கும்," என்றாள் மிருதுளா.

ஜெசிந்தா பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். அதில் சங்கவி படுத்திருந்தாள். அவிநாசிப் பெண், மிருதுளாவைவிடச் சின்னவள். வந்த அன்றைக்கு, "அக்கா, உங்களுக்கு மட்டும் எப்படிக்கா மூச்சு வாங்கல?" என்று கேட்டவள். இப்போது பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

"அந்த செல்லை வெளியில எடுத்து வளர்த்தா, அது சுரக்கற ஆன்டிபாடியை மத்தவங்களுக்கு மருந்தாக் குடுக்கலாம். ரொம்ப நாள் ஆகாது. வளர்க்கறதுக்கு இப்ப நல்ல கருவி இருக்கு. ஆனா ஒரு சட்டம் இருக்கு. யாரோட செல்லோ அவங்க சம்மதிக்கணும். அவங்க இல்லேன்னா கணவர். ஒரு காலத்துல கம்பெனிக்காரங்க கேக்காமக் கொள்ளாம எடுத்து வித்துட்டு இருந்தாங்க, அதனால வந்த சட்டம். அப்பா இருக்காரில்ல?"

"இருக்காருங்க. எங்கப்பாவா? கேட்ட ஒடனே குடுத்துருவாரு."

*

பூபதி கேட்டவுடன் கொடுக்கவில்லை.

வார்டுக்கும் வராந்தாவுக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு இருந்தது. அந்தப் பக்கம் நிற்பவர்கள் ஒலிவாங்கியில் பேச வேண்டும். பனியன் கம்பெனியில் பின்னல் மெஷின் மெக்கானிக்காக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர் பூபதி. எந்த மெஷினையும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். டாக்டர் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டார்.

"அவளோடதை எடுத்தா… வேற என்னவெல்லாம் தெரியும்ங்க?"

"முழுசாப் படிப்போம். யாரோட செல்னு உறுதிப்படுத்தாம மருந்தாக்க முடியாது."

"அவ்வளவும் பாத்துத்தான் ஆகோணுங்களா?"

"ஆமாங்க."

மிருதுளா கண்ணாடியை ஒட்டி வந்து நின்றாள். "என்னப்பா? அம்மா இன்னும் எனக்குள்ள இருக்காங்கன்னு சொல்றாங்க. உங்களுக்குச் சந்தோசமா இல்லீங்களா?"

"இருக்குது கண்ணு." அவர் பார்வை அவளைத் தாண்டிச் சங்கவியின் கட்டிலில் போய் நின்றது. "அந்தப் புள்ளைக்கு ஊசி போடலீங்களா டாக்டரு?"

"கர்ப்பிணிகளுக்கு இன்னும் அனுமதி வரலைங்க."

"என்ற சம்சாரத்துக்கும் அதையேதானுங்க சொன்னாங்க," என்றார் பூபதி. "அவ போயி ரெண்டு மாசம் கழிச்சு அனுமதி வந்துச்சு." பிறகு வேறெதுவும் கேட்காமல் சம்மதத்துக்குக் கட்டைவிரலை வைத்தார்.

அன்றைக்கு முழுக்க மிருதுளா சந்தோஷமாக இருந்தாள். ஓசூரில் வேலையில் மாட்டிக்கொண்டு வர முடியாமல் தவிக்கும் கணவன் நிரஞ்சனுக்குப் போன் போட்டு, "எங்கம்மா நம்ம பாப்பாவையும் பாத்துக்கறாங்க" என்றாள். சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். கண்ணாடி முன்னால் நின்று தன் முகத்தில் தனக்குத் தெரியாத ஒரு ஜாடையைத் தேடினாள். உள்ளே குழந்தை உதைக்கும்போதெல்லாம், அதையும் தன் அம்மா உணர்கிறாளோ என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஜெசிந்தா வந்து திரையை இழுத்துவிட்டார்.

"நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேம்மா. அது உங்க அம்மா இல்ல."

மிருதுளா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"அந்த செல் ஒரு ஆணோடது. தாய்வழி அடையாளம் ஒண்ணா இருந்ததால அம்மான்னு நினைச்சுட்டேன். ஒரே அம்மா வயித்துல பிறந்த எல்லாருக்கும் அது ஒண்ணாத்தான் இருக்கும். அது உன் அண்ணன்."

"எனக்கு அண்ணன் யாரும் இல்லீங்களே. நான் ஒத்தப் புள்ள."

"உங்க அம்மாவோட பிள்ளை. உங்க அப்பாவோடது இல்ல." ஜெசிந்தா மெதுவாகத்தான் சொன்னார். "பிள்ளைகிட்டேர்ந்தும் அம்மாவுக்கு செல் போகும்மா. அந்தப் பையன் வயித்துல இருந்தப்போ அவனோட செல் உங்க அம்மாவுக்குள்ள போய், எலும்புக்குள்ள குடியேறிப் பெருகியிருக்கு. அவங்களுக்குக் கொரோனா வந்தப்ப அதுவும் சேர்ந்து சண்டை போட்டிருக்கு. அப்புறம் உனக்கு வந்துருக்கு. உங்க அம்மாவோட செல்லையும் தேடினேன். எவ்வளவு தேடியும் கிடைக்கல. சில பேருக்கு அப்படித் தங்காமப் போயிடும்."

நேற்று கிடைத்தவள் இன்றைக்கு இல்லை. அம்மாவை இழந்ததை மிருதுளா இதுவரை ஒரு செய்தியாகத்தான் அறிந்திருந்தாள். இப்போதுதான் அது அவளுக்கே நடந்தது போல் இருந்தது. அழுதாள். ஜெசிந்தா அவள் தோளில் கை வைத்தபடி நின்றார்.

"அந்த ஆள் உயிரோட இருந்தா அவர் சம்மதிச்சாத்தான் நான் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியும். கேக்காமலே வளர்த்துடலாமான்னு எனக்கும் தோணாம இல்ல. சங்கவிக்கு இன்னைக்கு வென்டிலேட்டர் வைக்கணும். ஆனா தன்னோட உடம்பு எங்கயோ வளருதுன்னு ஒரு ஆளுக்குத் தெரியாமலே இருக்கறதும் சரியில்லம்மா."

*

பூபதி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துகொண்டார். மிருதுளா இந்தப் பக்கம் நாற்காலியில் இருந்தாள்.

"உன்ற அம்மா என்னைக் கட்டறதுக்கு முன்னால ஒருத்தரக் கட்டியிருந்தா," என்றார். "கரூர்க்காரரு. வேற சாதி, வேற மதம். காலேஜுல பழக்கம். வீட்டை விட்டுப் போயி அங்கயே குடும்பம் பண்ணிட்டிருந்தாங்க. ஒரு பையன் பொறந்தான். அப்புறம் உன்ற அம்மா வீட்டு ஆளுக போனாங்க. பையன அவரோட அக்கா கையில குடுத்துட்டு இவளை மட்டும் கார்ல ஏத்திக் கொண்டாந்துட்டாங்க. அந்த மனுசன் துபாய்க்குப் போனவரு, திரும்பலைன்னு கேள்வி."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பொண்ணு பாக்கப் போனன்னைக்கே. எல்லாரும் காப்பி குடிச்சுட்டிருந்தாங்க. இவ என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'எனக்கு ஒரு பையன் இருக்கறானுங்க. தெரிஞ்சு கட்டறதா இருந்தாக் கட்டுங்க'ன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பையன் பேரு என்னன்னு கேட்டன்." பூபதி துண்டால் முகத்தைத் துடைத்தார். "அதுக்கு அழுதுட்டா. அதுவரைக்கும் அவகிட்ட யாருமே அதைக் கேக்கலையாம்."

"என்ன பேரு?"

"எட்வின்."

அந்த அக்கா, ரோசி, எட்வினைத் தன் பிள்ளையாகவே வளர்க்கிறார் என்று மிருதுளாவின் அம்மா வினோதினிக்குத் தெரிந்திருந்தது. அவன் அப்படியே வளரட்டும், நடுவில் போய்க் குழப்பக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது என்று கணவனிடம் வாக்கு வாங்கியிருந்தாள். அந்த வாக்கைத்தான் பூபதி இத்தனை வருடம் காப்பாற்றினார். மகளிடமும் சொல்லவில்லை.

"அவருக்குத் தெரியாதுன்னா, நாம போய்ச் சொன்னா அவரு வாழ்க்கை என்ன ஆகும்ப்பா?"

"அதைத்தான் நேத்திருந்து நெனச்சுட்டிருக்கறன்."

திரைக்கு அப்பால் சங்கவியின் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும் சக்கரச் சத்தம் கேட்டது. பூபதி எழுந்தார். "நானே போறன். போனுல சொல்ற விசயமில்ல இது. வீட்டுக்குப் போகல. அந்தம்மா முன்னால பேசக் கூடாது. வேலை செய்யற எடத்துல பாத்துக்கறன்."

"நானும் கேக்கோணும்ப்பா. போனைப் போட்டுச் சட்டைப் பையில வச்சுக்கோங்க."

*

கரூரில் பஸ்களுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் எட்வின் ஃபோர்மேன். பூபதி விசாரித்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தார். மிருதுளா காதில் போனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். தகரம் அறுக்கும் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல் கேட்டது. சற்றுக் கட்டையான, அவசரமில்லாத குரல்.

"சொல்லுங்க, என்ன வண்டிங்க?"

"வண்டி இல்லீங்க தம்பி. நான் திருப்பூர்ல இருந்து வரனுங்க. என்ற பேரு பூபதி. என்ற சம்சாரம் பேரு வினோதினி. செத்து இருபத்தெட்டு வருசம் ஆச்சு."

"சரிங்க."

"அவகிட்ட இருந்து என்ற பொண்ணுக்கு ஒண்ணு வந்திருக்குதுங்க. அது உங்களுதுன்னு டாக்டர் சொல்றாங்க."

"என்னோடதா? நான் உங்க யாரையும் பாத்ததே இல்லீங்களே. ஆள் மாறி வந்துட்டீங்களாட்ட இருக்குது."

மெஷினைப் பற்றி என்றால் மணிக்கணக்காகப் பேசுகிற பூபதிக்கு அடுத்த சொல் கிடைக்கவில்லை. மிருதுளாவால் பொறுக்க முடியவில்லை. "அப்பா, போனை அவருகிட்ட குடுங்க," என்று சத்தமாகச் சொன்னாள்.

போன் கை மாறியது. அவள் சொன்னாள். வார்டைச் சொன்னாள், சங்கவியைச் சொன்னாள். குழந்தையின் செல் தாய்க்குள் போய்த் தங்கும் என்பதையும், அப்படித் தங்கிய ஒன்றுதான் தன்னைக் காப்பாற்றியது என்பதையும் சொன்னாள். அந்த செல் யாருடையது என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவளும் திணறினாள்.

அவன் புரிந்துகொண்டான். பட்டறைச் சத்தத்திலிருந்து அவன் விலகிப் போவது போனிலேயே தெரிந்தது.

"எங்கம்மா பேரு ரோசி," என்றான்.

"தெரியும்ங்க. அவங்கதான் உங்கம்மா."

"அப்புறம் எதுக்குங்க எனக்கு இதையெல்லாம் சொல்றீங்க?"

லைன் துண்டிக்கப்பட்டது. கொஞ்ச நேரத்தில் பூபதி தன் போனிலிருந்து கூப்பிட்டார். "போனைத் திருப்பிக் குடுத்துட்டுப் பைக்கை எடுத்துட்டுப் போயிட்டாரு கண்ணு. ஒரு கெட்ட வார்த்தை பேசலை. பேசியிருந்தாத் தேவலாம்."

மிருதுளா சன்னல் பக்கம் திரும்பிப் படுத்தாள். முகம் தெரியாத ஒருவன், யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாதவன், காலையில் வேலைக்குப் போனவன். அவன் வாழ்க்கையின் அஸ்திவாரத்தை அவள் நாலு வாக்கியத்தில் அசைத்துவிட்டாள். அதற்குக் காரணம் நியாயமானதுதான். ஆனாலும் செய்தது அவள்தான். இப்படி ஒரு கருவி கண்டுபிடிக்கப்படாமல் இருந்திருந்தால், சங்கவி பிழைக்க வழியே இருந்திருக்காது. எட்வின் நிம்மதியாக இருந்திருப்பான். இரண்டையும் எந்தத் தராசில் வைத்து நிறுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

*

அடுத்த நாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மாள் வந்து நின்றார். அறுபதைத் தாண்டிய வயது. அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சேலையை இழுத்துச் செருகியிருந்த விதத்திலேயே கோபம் தெரிந்தது. அவருக்குப் பின்னால், சுவரோரம், தலையைக் குனிந்தபடி உயரமாக ஒருவன். அவன் முடி சுருட்டையாக இருந்தது.

"நீதான் போன் பண்ணின பொண்ணா?" என்றார் ரோசி.

"ஆமாங்கம்மா. மன்னிச்சுக்கோங்க."

"முப்பத்திநாலு வருசமா இந்த ஒரு போனுக்குத்தான் பயந்துட்டு இருந்தேன். போன் அடிச்சாலே எனக்குப் பக்குன்னு இருக்கும். இனி அடிக்கட்டும், எனக்கென்ன." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "இவன் நேத்திருந்து சாப்பிடல. என்னை ஒரே கேள்வி கேக்கறான். அவங்க என்னை வேண்டாம்னு விட்டுட்டுப் போனாங்களான்னு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறான். உங்களுக்குத்தான் ரத்தத்தைப் பாத்தாலே எல்லாம் தெரியுதாமே. சொல்லுங்க டாக்டர்."

ஜெசிந்தா தலையைச் சாய்த்து எட்வினைப் பார்த்தார். "விட்டுட்டுப் போனாங்களா இல்லையான்னு ரத்தத்துல தெரியாதுங்க. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். உங்களோட செல் அவங்களுக்குள்ள கடைசிவரைக்கும் இருந்துருக்கு. அவங்களுக்கு உடம்பு சரியில்லாதப்ப அவங்களுக்காக வேலை செஞ்சிருக்கு."

"ஆனாலும் அவங்க செத்துட்டாங்க," என்றான் எட்வின். அவன் பேசியது அதுதான் முதல் தடவை.

"ஆமாங்க. அன்னைக்கு அது போதல."

பூபதி ஓரமாக நின்றிருந்தார். முன்னால் வந்தார். "விட்டுட்டுப் போகலீங்க தம்பி. ரெண்டு ஆளுக ரெண்டு கையையும் புடிச்சுக் கார்ல ஏத்துனாங்க. கார் கண்ணாடியை ஒதைச்சதுல கால்ல வெட்டுப்பட்டுருச்சு. தையல் போட்ட தழும்பு இருந்துச்சு. நான் பாத்திருக்கறன்."

ரோசி தலையை ஆட்டினார். "இதையேதான் நானும் சொன்னேன். அந்தத் தெரு முழுக்கக் கண்ணாடி கெடந்துச்சுன்னு."

எட்வின் மெதுவாகக் கண்ணாடித் தடுப்பின் அருகே வந்தான். மிருதுளாவைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, காலியாகக் கிடந்த சங்கவியின் இடத்தைப் பார்த்தான்.

"அந்தப் பொண்ணுக்கு எத்தனாவது குழந்தை?"

"முதலாவதுங்க," என்றாள் மிருதுளா.

அவன் ரோசியைத் திரும்பிப் பார்த்தான். "என்னை என்னத்தடா பாக்கற? கைய வை," என்றார் ரோசி.

அவன் சம்மதத்துக்குக் கட்டைவிரலை வைத்தான். செல் அவனுடையதுதான் என்று உறுதிப்படுத்த ரத்தமும் கொடுத்தான். போகும்போது மிருதுளாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

*

மருந்து எல்லாரையும் காப்பாற்றவில்லை. கோடிக் கட்டிலில் இருந்த பெண்ணுக்கு அது வந்து சேர்ந்தபோது நேரம் கடந்துவிட்டிருந்தது. அவள் குழந்தையை மட்டும் எடுத்தார்கள். அந்தக் குழந்தையின் தகப்பன் வராந்தாவில் நின்ற நிலையைப் பார்த்துவிட்டுப் பூபதி அவனைக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். அவனிடம் என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சங்கவி பிழைத்தாள். வென்டிலேட்டரிலிருந்து வெளியே வந்து தண்ணீர் கேட்டாள். அவள் பையன் குறைமாதத்தில், கைக்குள் அடங்குகிற மாதிரி பிறந்தான். ஆனால் சத்தம் போட்டு அழுதான். அதற்குப் பிறகு வந்த கர்ப்பிணிகள் பெரும்பாலும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். ஊரூராக மருந்து போனது. அதன் பெட்டியில் எட்வினின் பெயர் போட வேண்டுமா என்று ஜெசிந்தா கேட்டார். வேண்டாம் என்று ஒரு வரி செய்தி மட்டும் அனுப்பினான்.

நிரஞ்சன் வந்து சேர்ந்த வாரத்தில் மிருதுளாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் குழந்தையை அவள் மார்பில் போட்டார்கள். யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. அவள் அதை நம்பாமல் கொஞ்ச நேரம் நர்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கர்ப்பிணிகளுக்கும் ஊசி போடலாம் என்று அறிவிப்பு வந்த பிறகு, ஒரு சனிக்கிழமை ஜெசிந்தா எல்லாரையும் ஆய்வகத்துக்கு வரச் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. மிருதுளா குழந்தையோடும் பூபதியோடும் வந்தாள். எட்வின் வருவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ரோசியைப் பைக்கின் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்திருந்தான். வாசலில் மிருதுளாவைப் பார்த்ததும் நின்றான். பிறகு குழந்தையைப் பார்த்து, "முடி இல்லவே இல்லையே" என்றான்.

"வரும்ங்க," என்றாள் மிருதுளா. "சுருட்டையா வந்தாலும் வரும்."

உள்ளே ஜெசிந்தா ஒரு பெரிய திரையைப் போட்டார். இளஞ்சிவப்பு ஒளியில் உருண்டையாகச் சில உருவங்கள் மிதந்தன. ஒன்று மட்டும் ஓரத்தை நீட்டி, எதையோ தடவிப் பார்ப்பது போல மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

"இது என்னோடதுங்களா?" என்றான் எட்வின்.

"உங்க ரத்தத்துலேர்ந்து எடுத்தது. ஆனா உங்களோடது இல்ல. அன்னைக்கு உறுதிப்படுத்தறதுக்காக ரத்தம் குடுத்தீங்கல்ல, அதைப் படிக்கும்போது உள்ள வேற ஒருத்தரும் இருந்தாங்க. இந்தத் தடவை நான் அவசரப்படல, மூணு தடவை பாத்துட்டேன்." ஜெசிந்தா மிருதுளாவின் பக்கம் திரும்பினார். "உன்கிட்ட தேடிக் கிடைக்காதவங்க இவர்கிட்ட இருக்காங்கம்மா. நிறையவே இருக்காங்க."

மிருதுளா குழந்தையோடு திரைக்குப் பக்கத்தில் போனாள். நகர்ந்துகொண்டிருந்த அந்த உருவத்தைப் பார்த்தாள். எட்வினும் வந்து அவள் அருகில் நின்றான். அவன் தன் முன்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். ரோசி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

பூபதி மட்டும் கதவருகிலேயே நின்றார். ஆம்புலன்ஸ் கதவு சாத்தப்பட்டபோது வினோதினியைப் பார்த்ததுதான் அவருக்குக் கடைசி. அப்புறம் முகத்தைக்கூடக் காட்டவில்லை. மிருதுளா கூப்பிட்டாள். அவர் வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு மெஷினைப் பார்ப்பது போலத் திரையைக் கூர்ந்து பார்த்தார்.

"இதுக்கு எத்தன வயசுங்க டாக்டரு?"

"வயசா?" ஜெசிந்தா யோசித்தார். "அவங்க இருந்திருந்தா இப்ப என்ன வயசோ, அதேதாங்க. இவர் உடம்புல இத்தனை வருஷமும் வாழ்ந்துட்டுத்தானே இருந்துச்சு."

பூபதி வீட்டுச் சுவரில் இருக்கும் போட்டோவில் வினோதினிக்கு இருபத்தாறு வயது. அவர் மட்டும் அதன் கீழே நரைத்துக்கொண்டு வந்தார். உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டார்.

"அம்பத்திநாலு," என்றார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தார். "அப்ப அவளுக்கும் வயசாயிருச்சுங்க."